பட்டம் பெறாத பேராசிரியர்

கல்லூரிகள் திறக்கும் காலம் வந்துவிட்டால், திண்டுக்கல் பேருந்து நிலையத்திலே ஒரு காட்சியைத் தவறாமல் காணலாம். கையிலே மதிப்பெண் பட்டியல், கக்கத்திலே துணிப்பை, முகத்திலே ஆயிரம் ஐயப்பாடு! இப்படித் தந்தைமார் பலர், மகனையோ மகளையோ அழைத்துக்கொண்டு, மதுரைக்கும் திருச்சிக்கும் கோவைக்கும் பேருந்து பார்த்து நிற்பர். அத்தகைய தந்தை ஒருவர், பூட்டுப் பட்டறையிலே அரம் பிடித்துக் காய்த்துப்போன கையினர், அண்மையிலே நம்மிடம் ஓர் ஐயத்தைக் கேட்டார். அவருடைய மகன் ஊடகவியலும் அரசியல் தொடர்பியலும் படிக்கப்போவதாகச் சொல்கிறானாம். பேசுவதற்கும் எழுதுவதற்கும் ஒரு பட்டம் வேண்டுமா? படித்து முடித்தால் வேலை கிடைக்குமா? கிடைத்தால், அவன் யாருக்கு வேலை செய்வான்?

முதல் இரண்டு கேள்விகளுக்குப் பதில் சொல்லக் கல்லூரி முதல்வர்கள் இருக்கிறார்கள். விளம்பரத் தாள்கள் இருக்கின்றன. மூன்றாவது கேள்வி இருக்கிறதே, அதுதான் நம்மை உறங்கவிடவில்லை. யாருக்கு வேலை செய்வான்? நாவையும் பேனாவையும் தொழிலாகக் கொள்ளப்போகும் ஒவ்வொரு பிள்ளையும் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி அது. அந்தக் கேள்விக்குத் தன் வாழ்வையே விடையாக எழுதிவிட்டுப் போன ஒருவர், இதே திண்டுக்கல் சீமையிலே பிறந்தார். அவர் எந்தப் பல்கலைக்கழகத்திலும் பட்டம் பெற்றவரல்லர். ஆயினும் இன்று பல்கலைக்கழகங்கள் அவருடைய பேச்சை வைத்துப் பாடம் படிக்கின்றன. சுப்பிரமணிய சிவா என்பது அவர் பெயர்.

வத்தலக்குண்டின் வரிசை

திண்டுக்கல்லிலிருந்து கொடைக்கானல் மலைக்குப் போகும் வழியிலே இருப்பது வத்தலக்குண்டு. சந்தைக்கு வரும் காய்கறி மூட்டைகளும் மலைக்குப் போகும் பேருந்துகளுமே அதன் அடையாளம் என்று கருதிவிடுவர் வழிப்போக்கர். அந்தச் சிற்றூர் தமிழ்நாட்டுக்குத் தந்த ஏட்டாசிரியர்களின் வரிசையைப் பாருங்கள்! கமலாம்பாள் சரித்திரம் எழுதிய ராஜம் அய்யர், 1896-ஆம் ஆண்டிலே பிரபுத்த பாரதம் என்னும் ஆங்கில ஏட்டின் ஆசிரியரானார். 1898-லே, 26 வயதிலே மறைந்தார். மணிக்கொடியைச் சிறுகதை ஏடாக வளர்த்த பி. எஸ். ராமையா அவ்வூரார். 1959 முதல் 1970 வரை எழுத்து என்னும் ஏட்டைக் கைப்பொருள் கரையக் கரைய நடத்திய சி. சு. செல்லப்பாவும் அந்த மண்ணுக்கு உரியவர். இந்த வரிசையிலே, எழுத்தோடு நில்லாமல் மேடைக்கும் வந்து, மேடையிலிருந்து சிறைக்கும் போனவர் சிவா.

1884-ஆம் ஆண்டு அக்டோபர் 4-ஆம் நாள் அவர் பிறந்தார். வத்தலக்குண்டு அப்போது மதுரை மாவட்டத்திலே இருந்தது. திண்டுக்கல் தனி மாவட்டமானது 1985-ஆம் ஆண்டிலேதான். பெற்றோர் இட்ட பெயர் சுப்பராமன். தந்தையின் பெயரும் ராஜம் அய்யர்தான். ஆனால் அவர் எழுத்தாளரான ராஜம் அய்யர் அல்லர். குடும்பத்திலே வறுமை. மதுரையிலே சிறிது காலம் பள்ளிப் படிப்பு. பின்னர் வீட்டிலே அடுப்பெரியாத நிலை வந்தபோது, இலவசச் சோறு கிடைக்கும் திருவனந்தபுரத்து ஊட்டுப்புரையை நாடிப் போகவேண்டி வந்தது. கோவையிலே ஓராண்டு படித்தார். படிப்பு அத்தோடு நின்றது. சிவகாசிக் காவல் நிலையத்திலே ஓர் எழுத்தர் வேலை கிடைத்தது. மறுநாளே அதை விட்டு விலகினார் என்பர். அன்று அந்த நாற்காலியிலே அமர்ந்திருந்தால், பிறர் பேச்சைக் குறிப்பெடுத்து மேலிடத்துக்கு அனுப்பும் வேலை அவருக்கு வாய்த்திருக்கக் கூடும். காலம் அவரை எதிர்ப்பக்கத்திலே நிறுத்தியது. அவர் பேசினார், காவல் துறையினர் எழுதினர்.

திருவனந்தபுரத்திலே ஆரிய சமாஜத்தைச் சேர்ந்த வடநாட்டுத் துறவி ஒருவரின் சொற்பொழிவு இளைஞரின் உள்ளத்தைக் கவ்வியது. அங்கே தர்ம பரிபாலன சமாஜம் என்ற ஒரு கழகம் அமைத்து, இளைஞர்களைக் கூட்டி நாட்டு விடுதலை பற்றிப் பேசத் தொடங்கினார். திருவிதாங்கூர் அரசு எத்தனை நாள் பொறுக்கும்? நாட்டை விட்டு வெளியேறு என்று ஆணை பிறந்தது. மூட்டை முடிச்சு என்று சொல்ல ஏதும் இல்லாத அந்த இளைஞர், ஊர் ஊராகப் பேசிக்கொண்டே நடந்தார். 1908-ஆம் ஆண்டுத் தொடக்கத்திலே தூத்துக்குடி போய்ச் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 23.

கடற்கரை வகுப்பு

தூத்துக்குடியிலே அவரை வரவேற்றவர் வ. உ. சிதம்பரனார். 1906-லே சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கி, வெள்ளையர் கப்பலுக்குப் போட்டியாகக் கொழும்புக்குக் கப்பல் விட்டவர். சிவாவினும் 12 ஆண்டு மூத்தவர். அவர் தம் வீட்டிலேயே சிவாவுக்கு இடமும் உணவும் தந்தார். பகலிலே ஓய்வு. மாலையானால் கடற்கரையிலே கூட்டம். நாளுக்கு நாள் கூட்டம் பெருகிற்று.

மாணவ நண்பர்களே, அந்தக் கூட்டத்தின் புதுமை என்ன என்பதைச் சற்றே நின்று பார்க்க வேண்டும். இன்று மேடையும் மைக்கும் தமிழும் நமக்குப் பழகிப்போயின. என்றைக்கும் இப்படியே இருந்தது போலத் தோன்றுகிறது. அன்று நிலை வேறு. அரசியல் பேசியோர் வழக்கறிஞரும் பட்டதாரியும். அவர்கள் பேசிய மொழி ஆங்கிலம். 1907-ஆம் ஆண்டு மே திங்களில் விபின் சந்திர பாலர் வங்கத்திலிருந்து வந்து சென்னைக் கடற்கரையிலே முழங்கினார். அந்த முழக்கமும் ஆங்கிலத்திலேதான்! தமிழிலே பொதுமக்கள் முன் நின்று தொடர்ந்து பேசும் பழக்கத்தைக் கிறித்தவப் பாதிரிமார் தெருக்களிலே வளர்த்தனர். அதற்கு எதிர்முகமாக ஆறுமுக நாவலர் 1847-ஆம் ஆண்டு திசம்பர் 31-ஆம் நாள் யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிலே சைவப் பிரசங்கத்தைத் தொடங்கினார். சமயம் தமிழிலே பேசிற்று. அரசியல் ஆங்கிலத்திலே பேசிற்று. இதுதான் அன்றைய நிலை. 1905-க்குப் பின் சுதேசி இயக்கம் அந்தச் சுவரை இடித்தது. இடித்த கைகளிலே வலிமை மிக்க ஒன்று சிவாவினுடையது.

பத்திரிகைகள் இல்லையா என்று கேட்கலாம். இருந்தன. ஜி. சுப்பிரமணிய அய்யர் 1882-லே தொடங்கிய சுதேசமித்திரன் இருந்தது. பாரதியாரின் இந்தியா இருந்தது. ஆனால் படிக்கத் தெரிந்தவர் எத்தனை பேர்? 1901-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கிலே, இந்தியாவில் எழுத்தறிந்தோர் நூற்றுக்கு ஏறத்தாழ ஐவர். எஞ்சிய 95 பேருக்கும் அச்சு மை வெறும் கறுப்புக் கோடு. அவர்களை எட்டும் ஊடகம் ஒன்றே ஒன்று, மனிதனின் குரல். சிவாவுக்கு இதை எந்தப் பாடநூலும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஊட்டுப்புரைப் பந்தியிலே உட்கார்ந்து உண்டவருக்கு, எதிரே நிற்பவன் எதைப் படிக்க முடியும், எதைக் கேட்க முடியும் என்பது தெரிந்திருந்தது.

ஆலையிலே எழுந்த அலை

தூத்துக்குடியிலே கோரல் ஆலை என்று வெள்ளையர் நூற்பாலை ஒன்று இருந்தது. கூலி குறைவு, வேலை நேரம் மிகுதி, வார விடுமுறை கிடையாது. நாட்டு விடுதலை என்ற சொல் அந்த ஆலைத் தொழிலாளியின் காதிலே என்ன பொருளைத் தரும்? சிவா அந்தச் சொல்லை அவனுடைய கூலியோடும் அவனுடைய ஓய்வோடும் சேர்த்துப் பேசினார். உழைப்பவன் கையை மடக்கினால் ஆலை நிற்கும் என்றார். உருசிய நாட்டிலே மக்கள் கிளர்ந்தெழுந்ததால் நன்மை விளைந்தது என்று எடுத்துக்காட்டினார். 1917-க்கு ஒன்பது ஆண்டு முன்னதாகத் தமிழகத்துக் கடற்கரையிலே உருசியத் தொழிலாளியின் கதை தமிழிலே சொல்லப்பட்டது என்பது எண்ணிப் பார்க்கத்தக்க செய்தி!

1908 பிப்ரவரி 27-ஆம் நாள் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கினர். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் ஆலைக்குப் போகவில்லை. ஊரார் அவர்களுக்குச் சோறு போட்டனர். வெள்ளையர்க்குச் சவரம் செய்யவும் மறுத்தனர் என்பர். ஒரு வாரத்துக்கு மேல் ஆலை முதலாளியால் தாங்க முடியவில்லை. கூலி உயர்ந்தது, நேரம் குறைந்தது, ஞாயிறு விடுமுறை கிடைத்தது. கல்கத்தாவிலே அரவிந்தரின் வந்தே மாதரம் ஏடு அந்த வெற்றியைப் பாராட்டி எழுதியது.

தொடர்பியல் வகுப்பிலே இன்று ஒரு கோட்பாடு சொல்லிக்கொடுக்கிறார்கள். அமெரிக்க நாட்டிலே 1940-ஆம் ஆண்டுத் தேர்தலின்போது, ஒகையோ மாநிலத்து எரி என்ற வட்டாரத்திலே லாசர்ஸ்பெல்டு என்ற அறிஞரும் அவருடைய தோழர்களும் ஆய்வு நடத்தினர். 1944-லே நூலாக வெளியிட்டனர். செய்தித்தாளும் வானொலியும் வாக்காளனை நேராக மாற்றிவிடுவதில்லை. அவன் நம்புகிற அண்டை வீட்டார், உடன் உழைப்போர் வாயிலாகவே கருத்து அவனை அடைகிறது என்பது அதன் சாரம். நல்ல ஆய்வு. அதை நம் பிள்ளைகள் படிக்கத்தான் வேண்டும். ஆனால் படிக்கும்போதே, கடற்கரையிலே கேட்டதை மறுநாள் ஆலை வாயிலிலே பக்கத்து ஆளிடம் சொன்ன தூத்துக்குடித் தொழிலாளியையும் நினைத்துக்கொண்டால், எரி வட்டாரம் இன்னும் தெளிவாக விளங்குமல்லவா?

பேச்சின் விலை

விபின் சந்திர பாலர் சிறையிலிருந்து விடுதலையாகும் நாளான 1908 மார்ச் 9-ஐ விழாவாகக் கொண்டாட முடிவு செய்தனர். அதிகாரிகள் தடுத்தனர், விழா நடந்தது. மார்ச் 12-ஆம் நாள் சிதம்பரனார், சிவா, பத்மநாப அய்யங்கார் மூவரும் திருநெல்வேலியிலே சிறைப்படுத்தப்பட்டனர். மறுநாள் நெல்லை கொதித்தது. கடைகள் அடைபட்டன. கல்லூரி மாணவரும் வீதிக்கு வந்தனர். அரசு அலுவலகங்கள் எரிந்தன. துப்பாக்கிச் சூட்டிலே நால்வர் மாண்டனர். நாவுக்கு அத்தனை ஆற்றல் உண்டு என்பதை வெள்ளை அரசு அன்று நேரிலே கண்டது. அந்த ஆற்றலிலே நெருப்பும் உண்டு, அதற்கு ஏழை உயிர்கள் விலையாகலாம் என்பதையும் பேசக் கற்போர் மறக்கலாகாது.

வழக்கு நடந்தது. சிவா மீது சாட்டப்பட்ட குற்றம் இராசத்துரோகம். தண்டனைச் சட்டத்தின் 124-ஏ பிரிவு. சான்றுகள் யாவை? ஆயுதமா? சதிக் கடிதமா? அவர் கடற்கரையிலே பேசிய பேச்சுகள்! காவல் துறையினர் கூட்டத்திலே நின்று எழுதிய குறிப்புகள் மன்றத்திலே படிக்கப்பட்டன, மொழிபெயர்க்கப்பட்டன, இந்தச் சொல்லுக்கு இந்தப் பொருளா, அந்தப் பொருளா என்று வாதிடப்பட்டன. ஆய்ந்து பார்த்தால், அது ஒரு வழக்கு மன்றம் மட்டுமன்று. தமிழ் அரசியற் பேச்சைச் சொல் சொல்லாகப் பிரித்துப் பார்த்த முதல் பெரிய ஆய்வுக்கூடமும் அதுவே. ஆய்ந்தவர் பேராசிரியரல்லர், பின்ஹே என்ற நீதிபதி. தேர்விலே தேறினால் கிடைத்த பரிசு சிறை!

தாம் ஒரு துறவி, விடுதலைக்கு வழி சொல்வதே தம் கடமை, நாட்டுக்கும் அந்த வழிதான் என்ற கருத்திலே சிவா மன்றத்திலே நின்றார். பேசியதை மறுக்கவில்லை. 1908 சூலை 7-ஆம் நாள் தீர்ப்பு வந்தது. சிவாவுக்குப் பத்தாண்டு நாடுகடத்தல். சிதம்பரனாருக்குத் தம் பேச்சுக்காக 20 ஆண்டு. சிவாவுக்கு உணவும் இடமும் தந்து துணைநின்றதற்காக மற்றொரு 20 ஆண்டு. பேசுபவனுக்குச் சோறு போட்டால் அதுவும் குற்றம்! மேல்முறையீட்டிலே உயர்நீதிமன்றம் தண்டனைகளை ஆறாண்டாகக் குறைத்தது.

இங்கே வரலாறு ஒரு வேடிக்கையைக் காட்டுகிறது. அதே 1908-ஆம் ஆண்டு செப்டம்பர் திங்களில், அமெரிக்காவின் மிசௌரிப் பல்கலைக்கழகத்திலே இதழியல் பள்ளி திறக்கப்பட்டது. உலகின் முதல் இதழியல் பள்ளி என்று அதைப் போற்றுகின்றனர். அங்கே செய்தி எழுதக் கற்றுக்கொள்ள மாணவர் வகுப்பறைக்குள் நுழைந்தபோது, இங்கே மக்களிடம் பேசக் கற்றிருந்த ஒருவர் சிறையறைக்குள் இருந்தார். நம் நாட்டிலே 1941-லே இலாகூரிலும், 1947-லே சென்னைப் பல்கலைக்கழகத்திலும் இதழியல் பாடம் தொடங்கிற்று. அதற்குள் சிவா மறைந்து இருபது ஆண்டுக்கு மேலாகிவிட்டது.

ஞானபாநுவின் ஆசிரியர்

திருச்சிச் சிறை, சேலம் சிறை. அங்கே கடும் வேலை, கெட்ட உணவு. நோய் பற்றியது, தொழுநோய். அந்நோய்க்குக் காரணம் ஒரு கிருமி என்று நார்வே நாட்டு மருத்துவர் ஆன்சன் 1873-லேயே கண்டுபிடித்திருந்தார். ஆயினும் அதைத் தீர்க்கும் மருந்து அன்று உலகில் எங்கும் இல்லை. இன்று மாத்திரையிலே குணமாகும் நோய், அன்று வாழ்நாள் தண்டனை. 1912 நவம்பரிலே சிறைக் கதவு திறந்தது. நோய் அவரோடு கூடவே வெளியே வந்தது.

வெளியே வந்தவர் வாய்மூடிக் கிடந்தாரா? இல்லை. சென்னையிலே 1913-ஆம் ஆண்டு ஞானபாநு என்ற திங்கள் ஏட்டைத் தொடங்கினார். காலம் எத்தகையது? 1910-ஆம் ஆண்டு அச்சகச் சட்டம் நாடெங்கும் தலைமேல் தொங்கிக்கொண்டிருந்தது. அச்சகம் வைப்போரிடமும் ஏடு நடத்துவோரிடமும் அரசு ஈட்டுப் பணம் கேட்கலாம். பிடிக்காத எழுத்து வந்தால் அந்தப் பணத்தைப் பறித்துக்கொள்ளலாம். சிறைக்குப் போக அஞ்சாதவனும், கடன் வாங்கிக் கட்டிய பணம் போய்விடுமே என்று அஞ்சுவான். அடக்குமுறையிலே இது நுட்பமான முறை. அந்த முள்வேலிக்குள்ளேதான் ஞானபாநு நடந்தது. புதுச்சேரியிலே ஒதுங்கியிருந்த பாரதியார் அதில் எழுதினார்; அவருடைய சின்னச் சங்கரன் கதை அதிலே வெளிவந்தது. செக்கிழுத்து மீண்ட சிதம்பரனாரும் எழுதினார். பின்னர் பிரபஞ்சமித்திரன் என்ற கிழமை ஏட்டையும், இந்திய தேசாந்திரி என்ற ஏட்டையும் சிவா நடத்தினார். வீரசிவாசி பற்றியும் தேசிங்குராசன் பற்றியும் நாடகங்கள் எழுதினார். மேடை தடுக்கப்பட்டால் ஏடு. ஏடு தடுக்கப்பட்டால் நாடகம்.

மற்றொன்று. அவருடைய உரைநடையிலே வடசொல் மிகுதி. ஏட்டின் பெயரைப் பார்த்தாலே தெரியும். அப்படிப்பட்டவர் 1915-ஆம் ஆண்டிலே, வடசொல் கலவாத தனித்தமிழிலே கட்டுரை எழுதுவோர்க்கு ஐந்து ரூபாய் பரிசு தருவதாக ஞானபாநுவிலே அறிவித்தார். தம் நடைக்கு மாறான நடைக்குத் தம் கைப்பணத்திலிருந்து பரிசு! தொடர்பியல் என்ற படிப்பிலே இதைவிட நல்ல பாடம் வேறெது? தன் சொல் பிறர்க்கு விளங்குகிறதா என்ற ஐயம் ஆசிரியனுக்கு எப்போதும் வேண்டும். அந்த ஐயம் அவருக்கு இருந்தது.

சிவாவின் கருத்தெல்லாம் நமக்கு உடன்பாடு என்று சொல்ல வரவில்லை. அவர் அரசியலைச் சமயத்தோடு பின்னிப் பேசினார். வேதாந்தமும் பாரத மாதா வழிபாடும் அவருக்கு நாட்டுப்பற்றின் இரு கண்கள். வேறு நெறியினர் அந்தப் பந்தலிலே எங்கே உட்காருவர் என்ற கேள்வி அன்றும் எழுந்திருக்கலாம், இன்றும் எழும், எழத்தான் வேண்டும். மாற்றாரும் மதிக்கும் பண்பு ஒன்று அவரிடம் இருந்தது. சொன்ன சொல்லுக்கு விலை கேட்டபோது, அதைப் பிறர் தலையிலே கட்டாமல் தம் உடலாலே கொடுத்தார்.

மூடிய வண்டிகள்

1921-ஆம் ஆண்டு மறுபடியும் சிறை. நோய் முற்றியதால் சில வாரங்களிலே வெளியே விட்டனர். அவ்வாண்டிலேயே துறவுக் கோலம் பூண்டு சுதந்திரானந்தர் என்று பெயர் கொண்டார். தொழுநோயாளி என்பதால் இரயில் வண்டியிலே ஏறலாகாது என்று தடை வந்தது. பேச்சாளனுக்கு இதைவிடக் கொடிய தடை உண்டா? மன்றம் அவர் நாவைக் கட்டப் பார்த்தது, முடியவில்லை. அச்சகச் சட்டம் அவர் பேனாவைக் கட்டப் பார்த்தது, முடியவில்லை. இப்போது ஊருக்கும் அவருக்கும் இடையே உள்ள வழியையே அடைத்தனர்.

அவர் நடந்தார். கட்டை வண்டியிலே போனார். புண்ணுக்குத் துணி சுற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போய்ப் பேசினார். முகத்தைக் கண்டு விலகி நின்ற கூட்டம், குரலைக் கேட்டு அருகே வந்தது என்று எண்ணிக்கொள்ளலாம். இன்றைய தருமபுரி மாவட்டத்துப் பாப்பாரப்பட்டியிலே நண்பர்கள் துணையோடு பாரத ஆசிரமம் அமைத்தார். அங்கே பாரத மாதாவுக்குக் கோயில் எழுப்ப விரும்பினார். 1923-லே சித்தரஞ்சன் தாசர் வந்து அடிக்கல் நாட்டினார். கோயிலைக் காணும் வாய்ப்பு சிவாவுக்குக் கிட்டவில்லை. 1925 சூலை 23-ஆம் நாள் பாப்பாரப்பட்டியிலே கண் மூடினார். நாற்பத்தோராவது வயதைக்கூட அவர் நிறைவு செய்யவில்லை. அவர் நினைத்த இடத்திலே தமிழ்நாடு அரசு எழுப்பிய பாரத மாதா நினைவாலயம் 2021-லேதான் திறக்கப்பட்டது.

இன்றைய வகுப்பறைக்கு

இப்போது பூட்டுப் பட்டறைத் தந்தையின் கேள்விக்கு வருவோம். பேசுவதைப் பல்கலைக்கழகத்திலே படிக்கலாமா? படிக்கலாம். பெர்னார்டு பேட் என்ற அமெரிக்க அறிஞர் மதுரைக்கு வந்து தங்கி, நம் தெருமுனைக் கூட்டங்களிலே நின்று கேட்டு, மேடைத் தமிழை ஆராய்ந்து சிகாகோப் பல்கலைக்கழகத்திலே முனைவர் பட்டம் பெற்றார். 2009-லே அந்த ஆய்வு நூலாயிற்று. தமிழ் அரசியற் பேச்சின் பிறப்பைத் தேடிப் போனவர், சுதேசிக் காலத்துக்கும் தூத்துக்குடிக்கும் வந்து நின்றார். 2016-லே அவர் மறைந்தார். அந்த இரண்டாவது நூலை நண்பர்கள் பதிப்பித்து 2021-லே வெளியிட்டனர். கடல் கடந்து வந்த ஒருவர் நம் கடற்கரைக் கூட்டத்தைப் பாடமாக்கினார். வத்தலக்குண்டிலே பேருந்து ஏறிக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்குத் தன் ஊரார் பெயர் அந்தப் பாடத்திலே இருக்கிறது என்று தெரியாமல் போகலாமா?

படிப்பிலே கருவிகள் உண்டு. கணக்கெடுப்பு எப்படி நடத்துவது, படம் எப்படி எடுப்பது, கைப்பேசித் திரையிலே பத்து நொடிக்குள் செய்தியை எப்படிச் சொல்வது என்று கற்பிப்பர். கற்கத்தான் வேண்டும். இந்தக் கருவிகளை வாங்குவோர் பலர் இருக்கின்றனர். தேர்தல் வந்தால், கட்சிகளுக்கு ஆலோசனை சொல்லும் நிறுவனங்கள் இளம் பட்டதாரிகளை அள்ளிச் செல்கின்றன. இன்று ஒரு கட்சி. நாளை அதற்கு எதிர்க்கட்சி. சம்பளம் மட்டும் மாறாது! 2018-லே கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா என்ற நிறுவனத்தின் கதை வெளியே வந்தது. முகநூலிலே எட்டுக் கோடியே எழுபது இலட்சம் பேர் வரையிலான செய்திகள் அவர்தம் ஒப்புதல் இல்லாமலேயே அரசியல் வேலைக்காகக் கைமாறியிருக்கக்கூடும் என்று முகநூல் நிறுவனமே ஒப்புக்கொண்டது. அதற்கு வேண்டிய அறிவை உருவாக்கியோரும் பல்கலைக்கழகத்திலே படித்தவர்களே.

சட்டத்தையும் படிக்க வேண்டும். சிவாவைச் சிறைக்கு அனுப்பிய 124-ஏ பிரிவு, விடுதலைக்குப் பின்னும் எழுபது ஆண்டுக்கு மேல் உயிரோடு இருந்தது. 2022 மே திங்களிலேதான் உச்சநீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. 2024 சூலை முதல் நாள் தண்டனைச் சட்டமே மாறிற்று. புதிய சட்டத்தின் 152-ஆம் பிரிவிலே பழையதன் நிழல் படிந்திருக்கிறதா என்று சட்டம் அறிந்தோர் இன்றும் வாதிடுகின்றனர். பேச்சைத் தொழிலாகக் கொள்பவன் அந்த வாதத்தை வேடிக்கை பார்க்க முடியாது. நாளைக்கு அது அவன் வழக்காகலாம்.

ஆகவே, அந்தத் தந்தையிடம் நாம் சொன்னது இதுதான். மகனைப் படிக்க அனுப்புங்கள். அனுப்புமுன் ஒருநாள், அரம் பிடிக்கும் உங்கள் பட்டறையிலே அவனை உட்கார வையுங்கள். திண்டுக்கல் பூட்டுக்கு ஊர் ஊராகப் பெயர் இருந்தும் அதைச் செய்யும் கைக்குக் கூலி ஏன் உயரவில்லை என்பதை உங்கள் தோழர்கள் வாயாலே கேட்கட்டும். அதை அவன் எழுதட்டும். எழுதியதை அவர்களிடமே படித்துக் காட்டட்டும். அவர்கள் தலையசைத்தால் அவன் முதல் தேர்விலே தேறினான் என்று கொள்ளுங்கள். எப்படிப் பேசுவது என்பதைப் பல்கலைக்கழகம் கற்றுக்கொடுக்கும். யாருக்காகப் பேசுவது என்பதை அவன் வீட்டிலிருந்து கொண்டுபோக வேண்டும்.

அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, அந்தச் சிவா வத்தலக்குண்டிலே எந்தத் தெரு என்று கேட்டார். மதுரைப் பேருந்து வந்து நின்றது. அதற்கு முன்பாக ஒருநாள் மகனை வத்தலக்குண்டுக்கு அழைத்துப் போகவேண்டும் என்று சொல்லிக்கொண்டே ஏறினார்.